துருவ வானின் தாழ்ந்த அடுக்கு

மார்கழித் திங்களின் வைகறையில் சிற்றூர் ஒன்றின் வயல் வரப்பில் நின்று நோக்குவோர் ஒரு காட்சியைக் காணலாம். கூரைகளின் மேல் எழும் அடுப்புப் புகை சிறிது உயரம் நேராகச் சென்று, பின்னர் எவரோ கையால் தடவிப் பரப்பினாற்போலத் தட்டையாகப் படர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஏறாது. போகியன்று சென்னை மாநகரில் எரிக்கப்படும் பழம்பொருள்களின் புகையும் இவ்வாறே தெருக்களை விட்டு அகலாது தங்கி, கதிரவன் நன்கு மேலேறிய பின்னரே கலைகின்றது. இதற்குக் காரணம் யாது? இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கின்றது. அதனைத் தொட்டு நிற்கும் காற்றும் உடன் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடையது. ஆதலின் அஃது அடியிலேயே கிடக்கும். அதற்கு மேலுள்ள காற்றோ அத்துணைக் குளிர்ந்திராது. அடியிலிருந்து எழும் புகை அந்த வெப்பமான காற்றை அடைந்ததும் மேற்செல்லும் ஆற்றலை இழந்துவிடுகின்றது.

மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது பொதுவிதி. உதகையும் கொடைக்கானலும் குளிர்ந்திருப்பது அதனாலேயே. அவ்விதி மாறி, மேலே வெப்பமும் கீழே குளிருமாக அமையும் நிலையை ‘வெப்பத் தலைகீழ்நிலை’ எனலாம். தமிழ்நாட்டில் இந்நிலை சில மணி நேரமே நிற்கும். கதிரவன் எழுந்து நிலத்தைச் சுட்டதும் கீழ்க்காற்று மேலெழ, மேற்காற்று கீழிறங்க, இரண்டும் கலந்து அந்நிலை அழியும். கதிரவனே எழாத இடத்தில் என்ன நிகழும்?

வடதுருவப் பனிக்கடல் அத்தகைய இடம். அங்கே துருவத்தை ஒட்டிய பகுதிகளில் இலையுதிர் காலத்தில் மறையும் கதிரவன் ஏறத்தாழ ஐந்து ஆறு திங்கள் கழித்தே மீண்டும் தோன்றும். அந்நெடிய இரவு முழுவதும் கடலின் மேல் உறைந்து கிடக்கும் பனிப்பரப்பு வெப்பத்தை வானுக்கு இழந்துகொண்டே இருக்கின்றது. எனவே சிற்றூரில் ஒரு வைகறைப் பொழுதளவே நிற்கும் தலைகீழ்நிலை, அங்கே நாட்கணக்காகவும் கிழமைக்கணக்காகவும் நிலைபெறுகின்றது. பனியின் மேல் நிற்பவன் உறைநிலைக்குக் கீழ் 30 டிகிரிக் குளிரில் நடுங்கும்போது, அவன் தலைக்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று பத்து டிகிரி வெப்பம் மிகுந்து இருக்கலாம். வெப்பம் என்பது இங்கே ஒப்புநோக்கிய சொல்லேயாகும். அந்தக் காற்றும் நீரை உறையச் செய்யக்கூடியதே. தென்துருவ நிலப்பரப்பில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. குளிர்காலத்தில் 20 டிகிரிக்கு மேலும் காணப்படும்.

இந்தத் தாழ்ந்த அடுக்கை அளந்தறிவதில் அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டுள்ளனர். யாரும் குடியிராத கடலின் மேல், கண்ணுக்குத் தெரியாத காற்றின் சில நூறு மீட்டரை அளப்பதற்கு இத்துணைப் பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே.

ஒரே அளவு நெருப்பு எரியும் இரண்டு அடுப்புகளில், ஒன்றின் மேல் ஒரு செம்பு நீரையும், மற்றொன்றின் மேல் ஓர் அண்டா நீரையும் வைத்தால் எது முதலில் சூடாகும்? செம்பு நீரே என்பதைச் சிறுவரும் அறிவர். வெப்ப நாடுகளில் பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று ஒன்று இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து நிற்கின்றது. அது அண்டா நீர். துருவத்துக் குளிர்காலத்தில் அடிக்காற்று சில பத்து மீட்டர் அல்லது சில நூறு மீட்டர் உயரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. அது செம்பு நீர். உலகின் காற்றில் கரியமில வாயு பெருகி வெப்பம் மிகும்போது, துருவத்தில் சேரும் வெப்பம் மேலே பரவ வழியின்றி அடியிலேயே தங்கி, அச்சிறு அடுக்கை விரைவில் சூடேற்றுகின்றது. வடதுருவப் பகுதி 1979 முதல் உலகின் சராசரி அளவைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்து வந்திருப்பதாக 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. பனி உருகி, வெண்பரப்பு குறைந்து, கருங்கடல் நீர் வெயிலை உண்பது இதற்கு ஒரு பெருங்காரணம். அடைபட்ட தாழ்ந்த அடுக்கு மற்றொரு பெருங்காரணம். முதலாவதைப் பலரும் அறிவர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வானிலையை முன்கூட்டிக் கணக்கிடும் கணிப்பொறிகள் இவ்விடத்தில்தான் இடறுகின்றன. காற்று கலக்கின்ற அளவைச் சிறிது பிழையாகக் கணக்கிட்டாலும், பனிப்பரப்பின் வெப்பநிலை பல டிகிரி மாறிவிடும். வெப்பநிலை மாறினால் கடல்நீர் எவ்வளவு உறையும் என்னும் கணக்கும் மாறும். துருவத்துக் கணக்கில் நேரும் பிழை துருவத்தோடு நிற்பதில்லை. அங்கிருந்து புறப்படும் குளிர்காற்றை எதிர்நோக்கியிருக்கும் வடநாடுகளின் வானிலைக் கணக்கையும் அது தாக்கும்.

செயற்கைக்கோள்கள் இருக்க வேறு கருவி எதற்கு எனின், அவை மேலிருந்து நோக்குவன. பனிக்கடலின் மேல் ஆண்டின் பெரும்பகுதி முகில் கவிந்திருக்கும். அம்முகிலை ஊடுருவி, அடியில் கிடக்கும் நூறு மீட்டர்க் காற்றைத் தனியே பிரித்தறிதல் அவற்றால் இயலாது. நிலத்தில் கம்பம் நட்டு அளக்கலாம் எனின், அங்கே நிலமே இல்லை. மிதக்கும் பனிப்பாளமே உள்ளது. அதன் மேல் நடும் கம்பம் பத்து மீட்டர், முப்பது மீட்டர் உயரம் வரை அளக்கும். அதற்கு மேலே என்ன என்பதைச் சொல்லாது. பெரிய விமானங்களோ இருளிலும் மூடுபனியிலும் அவ்வளவு தாழப் பறக்க அஞ்சும். ஆகவே கருவியை அந்தக் காற்றுக்குள்ளேயே ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

மனிதன் முதலில் தானே ஏறிச் செல்ல முயன்றான். சுவீடன் நாட்டுப் பொறியாளர் சாலமன் அந்திரே, தம் நண்பர் இருவரோடு 1897-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று ஸ்பிட்ஸ்பர்கன் தீவுப் பகுதியிலிருந்து, ஹைட்ரஜன் நிரப்பிய ‘கழுகு’ என்னும் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். தாழ்ந்த அடுக்கில் கவிந்திருந்த மூடுபனி பலூனின் மேல் படிந்து உறைந்தது. சுமை மிகுந்த பலூன் பனியில் மோதி மோதி எழுந்து, மூன்றாம் நாள் பனிப்பாளத்தின் மேல் தங்கிவிட்டது. மூவரும் பல வாரங்கள் நடந்து, வெண்தீவு என்னும் இடத்தை அடைந்து, அங்கே உயிர் துறந்தனர். 1930-ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய உடல்களும் நாட்குறிப்புகளும் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் எடுத்த நிழற்படங்கள், முப்பத்து மூன்று ஆண்டுகள் பனிக்குள் கிடந்த பின்னரும் துலக்கப்பட்டுப் பார்வைக்கு வந்தன. அவர்களை வீழ்த்தியது புயலன்று. எவரும் அளந்திராத அந்த ஈரமான தாழ்காற்றே.

அதன் பின் கருவிகளை மட்டும் ஏற்றும் முறை மேலோங்கியது. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வேகனர் தொழிலால் வானிலை அறிஞர் என்பதைப் பலர் அறியார். 1906 முதல் 1908 வரை கிரீன்லாந்தின் வடகிழக்குக் கரையில் தங்கிய டேனிஷ் குழுவில் அவர் இருந்தார். அங்கே பட்டங்களையும் கயிற்றில் கட்டிய பலூன்களையும் பறக்கவிட்டு, அவற்றில் கருவிகளை ஏற்றி, மேற்காற்றை அளந்தார். பட்டம் என்பது இங்கே பிள்ளைகள் விடும் காகிதப் பட்டமன்று. சட்டங்களில் துணி கட்டிப் பெட்டிபோல் அமைத்த பெரும் பட்டம். அதன் கயிறும் நூலன்று, எஃகுக் கம்பி. பின்னர் 1922 முதல் ‘மாட்’ என்னும் கப்பலில் பனியோடு மிதந்த நார்வே அறிஞர் ஹரால்டு ஸ்வெர்ட்ரப், பட்டங்களை விட்டே பனிக்கடலின் மேலுள்ள தலைகீழ்நிலையை ஆராய்ந்தார்.

பட்டம் விடுவோர்க்கு ஒரு தொல்லை உண்டு. கருவி கீழே இறங்கிய பின்னரே அது குறித்த அளவுகளைப் படிக்க முடியும். கம்பி அறுந்தால் எல்லாம் போயிற்று. இத்தொல்லையை வானொலி நீக்கியது. ரஷ்ய அறிஞர் பாவெல் மொல்ச்சானவ் 1930-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று, லெனின்கிராடுக்கு அருகிலுள்ள பாவ்லவ்ஸ்க் என்னும் ஊரிலிருந்து, அளந்தவற்றை அவ்வப்போதே வானொலி வழியாக அறிவிக்கும் சிறு கருவியைப் பலூனில் கட்டி அனுப்பினார். பிரான்சு நாட்டில் ராபர்ட் பூரோ என்பாரும் அதற்குச் சற்று முன்னர் இவ்வகைக் கருவியைப் பறக்கவிட்டிருந்தார். அதற்கு ‘ரேடியோசாண்டு’ என்று பெயர். அடுத்த ஆண்டிலேயே ‘கிராஃப் செப்பலின்’ என்னும் வான்கப்பல் வடதுருவப் பகுதிக்குச் சென்றபோது, மொல்ச்சானவ் அதிலிருந்து தம் கருவிகளை விடுத்தார்.

இன்றும் உலகெங்கும் வானிலை நிலையங்கள் நம்பியிருப்பது இக்கருவியையே. சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள நிலையங்களிலிருந்து இது பலூனில் ஏற்றி அனுப்பப்படுகின்றது. உலகப் பொதுநேரம் 0 மணி, 12 மணி என்பன இதற்குரிய வேளைகள். அவை இந்திய நேரப்படி காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும் ஆகும். துருவத்தை அடுத்த கரைகளில் உள்ள நிலையங்களும் இதே வேளைகளையே பின்பற்றுகின்றன. உலகின் காற்றை ஒரே கணத்தில் படம் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. அப்படத்தில் பனிக்கடலின் நடுப்பகுதி மட்டும் வெற்றிடமாகக் கிடந்தது.

அவ்வெற்றிடத்தை நிரப்பப் பலர் முயன்றனர். 1937-இல் பாப்பானின் தலைமையில் ரஷ்யர் நால்வர் பனிப்பாளத்தில் கூடாரம் அடித்து ஒன்பது திங்கள் மிதந்தனர். 1997 அக்டோபர் முதல் ஓராண்டுக் காலம் கனடாக் கப்பல் ஒன்றைப் பனியில் உறையவிட்டு அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தனர். இம்முயற்சிகளுள் மிகப் பெரியது 2019-இல் தொடங்கிய ‘மொசைக்’ பயணம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரிலுள்ள ஆய்வு நிறுவனம் அதற்குத் தலைமை ஏற்றது. அந்நிறுவனம் வேகனரின் பெயரையே தாங்கியது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

‘போலார்ஸ்டெர்ன்’, அதாவது ‘துருவ விண்மீன்’, என்னும் பனியுடைக்கும் கப்பல் 2019 செப்டம்பர் 20 அன்று நார்வேயின் டிரோம்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அக்டோபர்த் தொடக்கத்தில் சைபீரியாவுக்கு வடக்கே ஒரு பனிப்பாளத்தைத் தேர்ந்து அதனோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. அதன் பின் பொறியின் விசையால் அது செல்லவில்லை. பனி சென்ற வழியே சென்றது. 1893 முதல் 1896 வரை நான்சென் என்னும் நார்வே வீரர் ‘ஃபிராம்’ கப்பலில் செய்து காட்டிய வழியே இது. கப்பலுக்கு வெளியே பனியின் மேல் அறிஞர்கள் சிறு சிறு நிலையங்களை அமைத்து, அவற்றுக்கு நகரம், ஊர் என்று பெயரிட்டு மகிழ்ந்தனர். ‘பலூன் டவுன்’ அவற்றுள் ஒன்று. ஊர் என்று பெயரே அன்றி, அங்கே இருந்தது பலூனைக் காக்கும் கூடாரமும் கயிறு சுற்றும் பொறியுமே. வெளியே பணி செய்வோர்க்குத் துணையாக ஒருவர் துப்பாக்கியுடன் நின்று வெண்கரடி வருகின்றதா என்று நோக்கிக்கொண்டே இருப்பார்.

இங்கே காற்றை அளக்க மூவகைக் கருவிகள் பயன்பட்டன. முதலாவது ரேடியோசாண்டு. கப்பலின் பின்புறத்திலுள்ள ஹெலிகாப்டர் மேடையிலிருந்து நாள்தோறும் நான்கு முறை, சிறப்பான வேளைகளில் ஏழு முறை வரை, அது விடப்பட்டது. ஓராண்டில் விடப்பட்டவை 1,500-க்கு மேற்பட்டவை. கருவியின் எடை ஏறத்தாழ நூறு கிராம். பலூன் ஏறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர். மேலே அழுத்தம் குறையக் குறையப் பலூன் பருத்து, முப்பது கிலோமீட்டர் அளவில் வெடித்துவிடும். வானத்தின் முழு உயரத்தையும் அறிய இதனினும் எளிய கருவி இல்லை.

ஆயினும் தாழ்ந்த அடுக்குக்கு இக்கருவி போதாது. நொடிக்கு ஐந்து மீட்டர் ஏறும் பலூன் முந்நூறு மீட்டரை ஒரே நிமிடத்தில் கடந்துவிடுகின்றது. அறிஞர் அறிய விரும்பிய பகுதி முழுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வேகமாக ஓடும் இரயிலின் பலகணி வழியே ஊரின் பெயர்ப்பலகையைப் படிக்க முயல்வதற்கு இஃது ஒப்பாகும். மேலும் பலூன் விடப்படும் மேடை கடலுக்கு மேலே பத்து மீட்டருக்குக் குறையாத உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ நூறு பேர் உறையும் கப்பலின் வெம்மை சுற்றியுள்ள காற்றைத் தொட்டுவிடுவதால், தொடக்கத்தில் கிடைக்கும் அளவுகளை ஐயத்தோடே கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது, கயிற்றில் கட்டிய பலூன். ஹீலியம் நிரப்பிய செந்நிறப் பலூன் ஒன்றுக்கு ‘மிஸ் பிக்கி’ என்று பெயரிட்டிருந்தனர். ஒரு நகைச்சுவைப் பொம்மலாட்டத்தில் வரும் பன்றிப் பொம்மையின் பெயர் அது. ‘பெலூகா’ என்னும் பெரிய பலூன் லைப்சிக் நகரத்து அறிஞர்களுடையது; தொண்ணூறு கன மீட்டர் கொள்ளளவுடையது. கயிற்றுப் பலூனின் சிறப்பு அதன் பொறுமை. விரும்பிய உயரத்தில் நிறுத்தலாம், சிறிது இறக்கலாம், மீண்டும் ஏற்றலாம். முகிலின் அடியிலும் நடுவிலும் மேலும் முறையே நிறுத்தி, மேலிருந்து வரும் கதிர்வீச்சு எவ்வளவு, கீழிருந்து போவது எவ்வளவு, காற்றின் நடுக்கம் எவ்வளவு, அதில் மிதக்கும் நுண்துகள்கள் எத்துணை என்று அளக்கலாம். ரேடியோசாண்டு ஒரு நிமிடத்தில் கடக்கும் பகுதியில் இது மணிக்கணக்காகத் தங்கும். ஆனால் காற்று வலுத்தால் உடனே இறக்கிக் கூடாரத்துக்குள் அடைக்க வேண்டும். முகிலுக்குள் சென்றாலோ கயிற்றின் மேலும் பலூனின் மேலும் பனி படியும். அந்திரேயை வருத்திய அதே பனி இன்றும் பலூன்காரர்களை விட்டபாடில்லை.

மூன்றாவது ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி. துருவப் பகுதிக்கு இது முற்றிலும் புதியதன்று. 2009 செப்டம்பரில், தென்துருவக் குளிர்காலத்தின் இறுதியில், ஜான் கசானோ என்னும் அமெரிக்க அறிஞரின் குழு மக்மர்டோ நிலையத்திலிருந்து ஆளில்லா வானூர்திகளை டெரா நோவா வளைகுடா வரை அனுப்பியது. அங்கே பனிமலைச் சரிவிலிருந்து உருண்டு இறங்கும் கடுங்காற்று கடற்பனியை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், குளிர்காலத்திலும் திறந்த நீர் காணப்படும். மனிதர் அணுக முடியாத அந்நீரின் மேல் பறந்து, கடல் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பத்தை அவ்வூர்திகள் அளந்து வந்தன.

மொசைக் பயணத்தில் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்த வானூர்திக்கு ‘டேட்டாஹாக்’ என்று பெயர். ‘தரவுப் பருந்து’ என்று தமிழில் கூறலாம். சிறகின் அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதி. எடை இரண்டு கிலோகிராமுக்கும் குறைவு. 2020 மார்ச்சு முதல் ஜூலை வரை வானிலை இடம் கொடுத்த நாட்களில் அது பறந்தது. பனியை ஒட்டிய உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை, வட்டமிட்டு ஏறியும் இறங்கியும், ஒரே காற்றை மீண்டும் மீண்டும் அளந்தது. அதில் பொருத்திய கம்பி தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. வெப்பத்தில் நேரும் மிகச் சிறிய மாறுதலையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அது உணரும். காற்றின் வேகத்தை அவ்வூர்தி அறியும் முறை எளியது. ஆற்றைக் கடக்கும் ஓடக்காரன் தான் துடுப்பு வலித்த திசையையும் போய்ச் சேர்ந்த கரையையும் ஒப்பிட்டு நீரோட்டத்தின் வேகத்தை அறிவான் அன்றோ? ஊர்தியும் காற்றினூடே தான் சென்ற வேகத்தையும், செயற்கைக்கோள் காட்டும் இடமாற்றத்தையும் ஒப்பிட்டு, இடையிலுள்ள வேறுபாடே காற்று என்று கணக்கிடுகின்றது.

சொல்லுக்கு எளிதாகத் தோன்றும் இப்பணி செயலில் கடினமானது. குளிரில் மின்கலம் வலுவிழக்கும். பறக்கவிடும் கணம் வரை அதனைச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். தடித்த கையுறையோடு சிறு திருகுகளைத் திருக முடியாது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் சில நிமிடங்களில் மரத்துவிடும். காந்தமுள் துருவத்தை நெருங்க நெருங்கத் திசை காட்டும் திறனை இழக்கும். ஏனெனில் அங்கே புவியின் காந்தவிசை கிடையாக இன்றிப் பெரிதும் கீழ்நோக்கியே இழுக்கின்றது. இவை போதாவென்று இன்னொரு விந்தையும் உண்டு. ஊர்தி புறப்பட்ட இடம் அது திரும்பி வரும்போது அங்கே இராது! பனிப்பாளம் இரவும் பகலும் மிதந்து செல்வதால், வீடு என்று ஊர்தியின் நினைவில் பதித்த இடம் சிறிது விலகியிருக்கும். கப்பலின் ஹெலிகாப்டரும் கயிற்றுப் பலூனும் அதே வானத்தில் உள்ளமையால், யார் எப்போது பறப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வதும் இன்றியமையாததாயிற்று.

இக்கருவிகள் காட்டியவை யாவை? தமிழர் காற்றுக்குத் திசையால் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. பனிக்கடலை ஆராய்வோர்க்குத் திசையைவிட உயரமே முதன்மையாயிற்று. பனியின் மேல் கொடியும் அசையாத அமைதி நிலவும்போது, அதற்கு மேலே நூறு அல்லது சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று விரைந்து ஓடுவதுண்டு. அடிக்காற்று குளிர்ந்து கனத்துப் படிந்துவிடுவதால், மேற்காற்று பனியின் உராய்வினின்று விடுபட்டு, எண்ணெய் தடவிய பலகையின் மேல் வழுக்குவது போல் செல்கின்றது. அது தானே சுழன்று கீழே இறங்கும் நேரங்களில், மேலுள்ள வெப்பத்தை அடியில் கலந்துவிடும். அக்கலப்பு எப்போது, எவ்வளவு நேரும் என்பதே கணிப்பொறிகள் இடறும் இடம். ஆதலின் பனியிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை அடுத்தடுத்துப் பெற்ற அளவுகள் அக்கணக்குகளைச் சோதிக்கும் உரைகல்லாயின.

முகிலின் ஆட்சியும் அங்கே பெரிது. தெளிந்த வானத்தின் கீழ் பனிப்பரப்பு வெப்பத்தைத் தடையின்றி இழக்கும். உறைநிலைக்குக் கீழ் இருபது டிகிரியிலும் உறையாது நீர்த்துளிகளாகவே மிதக்கும் விந்தையான முகில் ஒன்று மேலே வந்து கவிந்தால், அது கம்பளி போர்த்தாற்போல் அவ்விழப்பை நிறுத்திவிடும். பனிப்பரப்பு சில மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேலும் வெப்பமடையலாம். 2020 ஏப்ரல் நடுவில் தெற்கிலிருந்து ஈரக்காற்று புகுந்தபோது, உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 30 டிகிரியாக இருந்த வெப்பநிலை நான்கைந்து நாட்களுக்குள் உறைநிலையை எட்டிவிட்டது. பனிப்பாளம் வெடித்து விரியும் பிளவுகளிலும் இதுபோன்ற புரட்சி சிறிய அளவில் நிகழும். பிளவில் தோன்றும் கடல்நீர் உறைநிலையை ஒட்டியது. மேலுள்ள காற்றோ அதனினும் முப்பது டிகிரி குளிர்ந்தது. அதனால் கொதிக்கும் உலைபோல் நீரிலிருந்து ஆவி புகைந்து எழும். அங்கே மனிதன் நடந்து செல்ல இயலாது. சிறு வானூர்தி தடையின்றிக் கடந்து செல்லும். கோடையில் பல சுழலிகள் கொண்ட மற்றொரு வானூர்தி, உருகிய குட்டைகளின் மேலும் வெண்பனியின் மேலும் பறந்து, எப்பரப்பு எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றது என்பதை அளந்தது.

இப்பயணத்துக்கு இடையூறும் இல்லாமல் இல்லை. 2020-இல் கொரோனா நோய் உலகெங்கும் பரவித் துறைமுகங்கள் மூடப்பட்டதால், ஆட்களை மாற்றுவதற்காகக் கப்பல் சில வாரங்கள் பனிப்பாளத்தை விட்டு ஸ்பிட்ஸ்பர்கன் கரை வரை வர நேர்ந்தது. அவ்வாரங்களில் கிடைத்திருக்க வேண்டிய கோடைத் தொடக்கத்து அளவுகள் பனியின் மேல் கிடைக்கவில்லை. உருகல் தொடங்கும் காலமே கணக்கிடுவோர்க்கு மிகத் தேவையான காலம். அதனால் அவ்விடைவெளி சிறிதன்று.

கப்பல் ஜூன் திங்களில் அதே பாளத்துக்கு மீண்டது. ஜூலை இறுதியில், கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பர்கனுக்கும் இடைப்பட்ட கடலை அடைந்தபோது, பத்துத் திங்கள் அறிஞர்களைத் தாங்கிய அப்பாளம் அலைகளால் உடைந்து பல துண்டுகளாயிற்று. அதற்குள் கூடாரங்களும் கயிறு சுற்றும் பொறிகளும் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. போலார்ஸ்டெர்ன் மீண்டும் வடக்கே சென்று, ஆகஸ்டு 19 அன்று வடதுருவப் புள்ளியையே அடைந்தது. அதன் அருகே வேறொரு பாளத்தைத் தேர்ந்து, கோடை முடிந்து நீர் மீண்டும் உறையத் தொடங்கும் பருவத்தை அங்கே கண்டனர். செப்டம்பர் 20 அன்று அப்பாளத்தை விட்டு நீங்கிய கப்பல் அக்டோபர் 12 அன்று பிரேமர்ஹாஃபனை அடைந்தது. திரும்பும் வழியிலும், பனியின் விளிம்பை நோக்கிச் சென்ற நாட்களில், அதன் மேடையிலிருந்து ரேடியோசாண்டுகள் விடப்பட்டுக்கொண்டே இருந்தன.